கண்டக்டர் மாமனாரும் புரோட்டீன் பாரும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை எப்போது திறந்தாலும் நடுத்தட்டில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும். வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பேரீச்சம்பழமும் சேர்த்து அரைத்து, அழுத்தி, விரல் நீளத்துக்கு வெட்டிய துண்டுகள் அதில் இருக்கும். புரோட்டீன் பார். பாகு காய்ச்ச வேண்டாம், ஓவன் வேண்டாம், ஃப்ரிட்ஜில் வைத்தால் தானே இறுகிவிடும். இதைச் செய்யக் கற்றுக்கொண்டதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். இதை என் மாமனாரைச் சாப்பிட வைத்தேன் பாருங்கள், அதைத்தான் சொல்வேன். யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மாமனார் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவில் ஏறி இறங்கிய ஜனங்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் கூட்டம் சேர்ந்தால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்குது" என்று அவர் பாட்டுக்குச் சத்தம் போடுவார். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. கேட்டைத் திறந்தால் பாதை. என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

போன வருஷம் மழைக்காலத்தில் பின்பக்கம் பாத்ரூமுக்குப் போகிற வழியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள், பிடித்து நடக்க ஒரு வாக்கரும் கொடுத்தார்கள். எலும்பு கூடிக்கொண்டுதான் வந்தது. தையல் போட்ட இடம்தான் கீழ்முனையில் ஆறவே இல்லை. கட்டு மாற்ற வருகிற நர்ஸ் ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவருக்கு உடம்புல புரோட்டீன் ரொம்ப கம்மிம்மா. சத்து இல்லாம புண்ணு எப்பிடி ஆறும்? இப்பிடியே விட்டா மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் எடுத்துட்டுப் போகணும். இந்த வயசுல இன்னொரு வாட்டி மயக்க மருந்து குடுக்க எனக்கே பயமா இருக்கு. சுகர் இல்ல, கிட்னியும் நல்லா இருக்குது. நல்லா சாப்பிட வைங்க."

சாப்பிட வைங்க என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

மாமனார் முட்டை, கறி எல்லாம் வேண்டுதலுக்காக என்றைக்கோ விட்டவர். பருப்பு போட்டால் வாயு என்றார். பால் கொடுத்தால் குமட்டுது என்றார். சுண்டலைப் பார்த்தால் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். மெடிக்கலில் சொல்லி ஒரு டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கி வந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இத மாட்டுக்கு வையி, ரெண்டு லிட்டர் ஜாஸ்தி கறக்கும்" என்றார். எங்கள் வீட்டில் மாடு இல்லை. இரண்டு இட்லி வைத்தால் ஒன்று திரும்பி வரும். சோறு என்றால் குருவி கொத்திய மாதிரி நாலு வாய், அதோடு கையைக் கழுவிவிடுவார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் படுத்திருக்கிற மனிதரிடம் எவ்வளவுதான் கத்துவது? பாத்திரங்களிடம் கத்தினேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நசுங்காத கிண்ணமே இல்லை.

அப்போதுதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். யாரோ ஒரு பெண், வெள்ளை வெளேரென்ற சமையலறையில், கடலையையும் பேரீச்சம்பழத்தையும் அரைத்து, தட்டில் கொட்டி அழுத்தி, ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்து, வெட்டினாள். ஒரு துண்டில் இவ்வளவு சத்து என்றாள். எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்றுதான்: துண்டு சின்னது. நாலு வாய்தான் சாப்பிடுவேன் என்று அடம் பிடிக்கிற மனிதருக்கு, நாலு வாயிலேயே எல்லாவற்றையும் வைத்துவிடலாம்.

வேர்க்கடலைக்கு எங்களுக்குப் பஞ்சமா? கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து உறவுக்காரர்கள் மூட்டையில் கொண்டுவந்து போட்டது கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உரித்து, வறுத்து, தோல் புடைத்து வைத்தேன். இதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன். அதற்குப் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. கடலை என்றால் பாகு. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பாகு இல்லாமல் எப்படிப் பிடிக்கும், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று, ஒரு அச்சு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, தண்ணீரில் விட்டால் உருள்கிற பதத்துக்குப் பாகு காய்ச்சி ஊற்றினேன்.

மறுநாள் கத்தி இறங்கவில்லை. குழவியால் தட்டி உடைத்தேன். கட்டு மாற்ற வந்த நர்ஸ் பக்கத்தில் இருந்ததால் மறுக்க முடியாமல் மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டார். கடித்தார். பிறகு கடித்தது கடித்தபடியே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார். பல்செட்டோடு சேர்ந்து வந்தது. அதை அப்படியே என் தட்டில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

"இத நீயே வச்சிக்க."

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். நான் பல்செட்டை வெந்நீரில் ஊறப்போட்டு மீட்டேன்.

அடுத்த தடவை தேன் ஊற்றிச் செய்தேன். ஃப்ரிட்ஜில் இருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் தட்டை வெளியே எடுத்து வைத்ததும் குழைந்து, துவையல் மாதிரி ஆகிவிட்டது. என் கணவர் வேனுக்கு எடுத்துப்போன இரண்டு துண்டும் டப்பாவில் ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் கரண்டியால் சுரண்டும்படி ஆனது. "நல்லாத்தான் இருக்குது, தோசைக்குத் தொட்டுக்கலாம்" என்றார். அவருக்கும் ஒரு கிண்ணம் நசுங்கியது.

அதற்குப் பிறகுதான் என் கெட்டிக்காரத்தனத்தை ஓரமாக வைத்துவிட்டு, வீடியோவில் சொன்னபடி செய்தேன். கடலையை மிக்சியில் மாவாகிற வரைக்கும் இல்லை, மாவும் தாண்டி, அதன் எண்ணெய் வெளியே வந்து விழுதாகிற வரைக்கும் ஓட்டினேன். மிக்சி சூடேறினால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தை அதிலேயே போட்டு ஒரு சுற்று. பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர், வறுத்த எள், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் புரோட்டீன் பவுடரிலும் இரண்டு கரண்டி, மாட்டுக்கு வைக்கச் சொன்னதை மனிதருக்கே வைப்போம் என்று. கையால் பிசைந்து, தட்டில் பரப்பி, டம்ளரின் அடியால் அழுத்தி அழுத்திச் சமம் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

சாயங்காலம் கத்தி வைத்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது. விரலால் அழுத்தினால் அமுங்கியது, தூக்கினால் உதிரவில்லை. ஒரு துண்டைப் பல்லே படாமல் நாக்காலும் அண்ணத்தாலும் நசுக்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். கரைந்தது. சமையலறையில் தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன்.

ஓடிப்போய் மாமனாரிடம் நீட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை.

"பசிக்கலம்மா."

"மாமா, இது கல்லு மாதிரி இல்ல. வாயில வச்சா கரையும். ஒண்ணே ஒண்ணு."

"பசிக்கலன்னு சொல்றேன் இல்ல?"

அன்றைக்கு நான் பாத்திரத்திடம் போகவில்லை. அவரிடமே கத்திவிட்டேன். புண் ஆறலன்னா மறுபடி கத்தி வைப்பாங்க, அப்ப தெரியும் என்றெல்லாம் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் சாப்பிடாத காரணம் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அவரோடு ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் அவரைப் பார்க்க வந்திருந்தார். இருவரும் இன்றைக்கும் ஒருவரையொருவர் டிரைவரே, கண்டக்டரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு கதவருகே வந்தபோது மாமனார் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"ஒரு வாய் ஜாஸ்தி தின்னா ஒரு வாட்டி ஜாஸ்தி பின்னாடி போகணும் டிரைவரே. பையன் வேனை எடுத்துக்கினு விடிகாலையில போயிடறான். அந்தப் பொண்ணுதான் என்னப் புடிச்சிக்கினு போயி, உக்கார வச்சி, மறுபடி தூக்கி நிறுத்தணும். ஆபீசுக்குப் போற பொண்ணு. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லு. அதான் வயித்தக் கட்டிட்டேன்."

நான் டீயோடு திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் சேர்ந்தே வந்தன. என் சமையல் பிடிக்கவில்லை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! கூச்சத்துக்காக ஒரு மனிதர் தன் புண்ணையே ஆறவிடாமல் வைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கே சரியாகத் தெரிந்தது.

அந்த வாரமே வெல்டரைக் கூப்பிட்டு, அவர் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் சுவரோடு ஒரு கம்பி பொருத்தினேன். வழுக்குகிற இடத்தில் சொரசொரப்பான கல் போட்டேன். உள்ளேயும் உட்கார்ந்து எழுந்திருக்க ஒரு கம்பி. எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"ஊட்ட பஸ்ஸாக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். கம்பியைத் தொடவில்லை. காலில் பலம் வேண்டுமே, அதற்குச் சாப்பிட வேண்டுமே.

அப்போது பௌர்ணமி வந்தது. மாமனாருக்கு ஒரு சட்டம் உண்டு. கிரிவலப் பாதையில் கைக்கு வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வயிறு நிறைந்திருந்தாலும், புளியோதரையோ தண்ணீர் பாக்கெட்டோ, யார் நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அங்கேயே சாப்பிட்டுவிடுவார். மருமகளை மறுக்கலாம். பாதையை மறுக்க முடியாது. அவர் சட்டத்தை வைத்தே அவரை மடக்குவது என்று முடிவு செய்தேன்.

என் திட்டம் இதுதான். சாயங்காலம் அவரைக் கேட்டருகே நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். நான் ஒரு மேஜை போட்டு, நடந்துபோகிறவர்களில் ஐந்தாறு பேருக்குத் துண்டு கொடுக்க வேண்டும். அப்படியே திரும்பி அவர் கையிலும் ஒன்றை வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். மிச்சத்தை உள்ளே எடுத்துப்போய்விடலாம்.

பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரியாமல் போனது இதுதான். பௌர்ணமியன்று பாதையோரத்தில் தட்டோடு நிற்பவள் மனதில் என்ன இருந்தாலும் சரி, பார்க்கிறவர்களுக்கு அது அன்னதானம். முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன், எதிரில் பத்துப் பேர். அவர்களுக்குக் கொடுப்பதற்குள் வரிசை பக்கத்து வீட்டைத் தாண்டிவிட்டது. என்ன தருகிறார்கள் என்றே தெரியாமல் பின்னால் வந்து நிற்கிறார்கள்.

"இது எந்தக் கோயில் பிரசாதம்மா?"

"புரோட்டீன் பாருங்க."

"அப்பிடியா? நாங்க இதுவரைக்கும் வாங்கினதில்ல" என்று சொல்லி, அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார் அந்த மனிதர்.

தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. பதறிப்போய் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மாமனார் பக்கம் திரும்பினேன். வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மா பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நாங்க எல்லாம் வரிசைல நிக்கல? உக்காந்திருக்கிறவருக்கு மட்டும் தனியா குடுக்கிற?"

"அவரு எங்க மாமனாருங்க, கால்ல ஆபரேஷன்..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் மாமனார் கையைத் தூக்கினார்.

"அந்தம்மா சொல்றது கரெக்ட்டு. என் பஸ்ஸுல எவனையும் முன்னாடி ஏத்துனதில்ல. நான் வரிசைல வரேன்."

வாக்கரைப் பிடித்தார். எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், முறைத்தார். ஒவ்வொரு அடியாக வைத்து, வரிசையின் ஓரமாகவே வால் வரைக்கும் போனார். போகிற வழியில் சும்மாவும் போகவில்லை. "ஒட்டி நில்லு, ஒட்டி நில்லு. ரோட்டுல நிக்காத, நடக்கிறவங்களுக்கு வழி உடு" என்று வரிசையையே நேராக்கிக்கொண்டு போனார். பாவம் அந்த அம்மா, முகம் மாறிவிட்டது. "பெரியவரே, என் எடத்துல நில்லுங்க" என்று கூப்பிட்டார். "உங்க எடம் உங்களுது" என்று சொல்லிவிட்டார்.

ஃப்ரிட்ஜில் இன்னொரு தட்டு இருந்தது, ஆனால் அது அவர் சாப்பிட ஆரம்பித்தால் கொடுப்பதற்கென்று எடுத்து வைத்தது, அதைத் தொடமாட்டேன். வரிசை நீளம், தட்டில் கொஞ்சம், கடைசியில் அவர், அதுவும் ஆறாத காலோடு. துண்டுகளைப் பாதியாக வெட்டினேன். பிறகு பாதியையும் பாதியாக வெட்டினேன். ஒரே ஒரு முழுத்துண்டை மட்டும் துணிக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஜனங்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, சுண்டுவிரல் அளவு கொடுத்தாலும் இரண்டு கையாலும்தான் வாங்கினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களை அவரே, "இதோட ஃபுல்லு, அடுத்த வண்டி பாருங்க" என்று அனுப்பிவிட்டார். மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய், தெருவிளக்கு எரிந்துவிட்டது.

அவர் முறை வந்தது. மேஜைக்கு முன்னால் நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

விழுந்ததிலிருந்து அந்த நிமிஷம் வரைக்கும் அவர் எதையும் பிடிக்காமல் நின்றதில்லை. அவருக்கு அது தெரிந்ததோ என்னவோ, எனக்குத் தெரிந்தது. துணியை விலக்கி, முழுத்துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றினார். வாயில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவசரமே இல்லாமல், முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். உள்ளங்கையில் ஒட்டிய எள்ளையும் விடவில்லை.

"இன்னொன்னு?" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒருத்தருக்கு ஒண்ணுதான் மாமா."

சாப்பிட்டுவிட்டு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஊட்டுக்குள்ள இன்னொரு தட்டு வச்சிருக்க இல்ல?"

"வச்சிருக்கேன்."

"அப்ப ரைட்டு" என்று வாக்கரைத் திருப்பினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று, டீ நேரத்தில் ஒன்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தட்டை நிரப்பி வைத்தேன். மெல்ல மெல்ல இட்லியும் திரும்பி வருவது நின்றது. நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முதல் தடவையாக உதட்டைப் பிதுக்காமல் போனார். பிறகு ஒரு நாள் டாக்டர் புண் இருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "நல்லா மூடிக்கிச்சு. தியேட்டர் எல்லாம் தேவையில்ல. என்னா குடுத்தீங்க?" என்றார். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன். அவரும் ஒன்று சாப்பிட்டார். நான் அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடக்கவில்லை, மிதந்தேன்.

இப்போது பௌர்ணமிக்குப் பெரிய தட்டாகச் செய்யச் சொல்லி அவரே உத்தரவு போடுகிறார். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொள்கிறார். ஒருத்தருக்கு ஒன்றுதான் என்பதில் கறாராக இருக்கிறார்.

போன வாரம் விடிகாலை, கணவர் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு, நான் படுக்கையில் விழித்துக்கொண்டிருந்தேன். மாமனார் அறையில் கட்டில் கிரீச்சிட்டது. என்னைக் கூப்பிடுவார் என்று எழுந்து உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. கம்பியில் கை தேய்கிற சத்தம் கேட்டது, பஸ்ஸில் கண்டக்டர் பின்சீட்டுவரைக்கும் போகிற மாதிரி, நிற்காமல், பாத்ரூம் வரைக்கும். கதவு சாத்திய சத்தம். தண்ணீர் ஊற்றிய சத்தம். மறுபடி கம்பி. நான் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தேன். கம்பி அவர் கட்டிலோடு முடிகிறது. காலடி அதையும் தாண்டி வந்து, சமையலறைக்குள் போனது. ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடியது.

அவர் போய்ப் படுத்த பிறகு எழுந்துபோய்ப் பார்த்தேன். தட்டில் இரண்டு குறைந்திருந்தது.